எங்கே விழுந்தீர்கள்? திருகோணமலையில் சுகாதாரத் துறையும் வீதித் துறையும் இணைந்து வேலை செய்வதற்கான வழிகாட்டி

வீதி விபத்தில் காயமடைந்த ஒருவர் வைத்தியசாலைக்கு வரும்போது அவருடைய பெயர், வயது, முகவரி, காயத்தின் தன்மை ஆகியவை பதிவாகின்றன. எந்த இடத்தில் விழுந்தார் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை. பொலிஸ் நிலையத்தில் நிலைமை தலைகீழ்: இடம், வாகன இலக்கம், சாரதியின் அனுமதிப்பத்திர விபரம் எல்லாம் இருக்கும்; ஆனால் காயப்பட்டவர் எத்தனை நாள் வைத்தியசாலையில் இருந்தார், மீண்டும் எழுந்து நடந்தாரா, வேலைக்குத் திரும்பினாரா என்பவை இருக்காது. வீதியைத் திருத்த வேண்டிய பொறியியலாளரின் மேசைக்கோ இவ்விரண்டில் எதுவும் முழுதாகப் போய்ச் சேருவதில்லை. இந்த மூன்று மேசைகளையும் ஒரே தாளில் சந்திக்க வைப்பதே சுகாதாரத் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் இடையிலான கூட்டு வேலை. அந்தத் தாளில் வசதி குறைந்தவரின் காயமும் வசதி படைத்தவரின் காயமும் ஒரே அளவில் எண்ணப்பட வேண்டும் என்பதே நீதியான வீதிப் பாதுகாப்பு.

பிரதேச மட்டத்தில் இதைத் தொடங்க விரும்பும் சுகாதார உத்தியோகத்தர்களுக்காகவும், பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்காகவும், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரிய நிதி தேவையில்லை. ஒரு கொப்பி, ஓர் அளவு நாடா, ஒரு கைத்தொலைபேசி, பொறுமை ஆகியவை போதும்.

முதலில் வீதி யாருடையது என்று அறிய வேண்டும்

நல்ல கோரிக்கைகள் பல தவறான அலுவலகத்துக்குப் போய் அங்கேயே முடிந்துவிடுகின்றன. கண்டி வீதியாகிய ஏ6, அநுராதபுரம் செல்லும் ஏ12, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு செல்லும் ஏ15 ஆகியவையும் பீ தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றத்துக்குரியவை. கந்தளாய், தம்பலகாமம் போன்ற வயற்பகுதிகளில் வாய்க்கால் கரையோடு போகும் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியதாகவும் இருக்கலாம். உங்கள் பிரிவின் வரைபடத்தில் இவற்றை நான்கு நிறங்களில் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் பொறுப்பான அதிகாரியின் பதவியை ஓரத்தில் எழுதி வைத்தால் பின்னர் வரும் அலைச்சலில் பாதி குறைந்துவிடும்.

வைத்தியசாலையில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பொலிஸ் பதிவுகளை மட்டும் நம்பினால் ஒரு சாராரின் காயங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். சைக்கிளில் போகும்போது கிரவலில் சறுக்கி விழுந்தவரும், கட்டாக்காலி மாட்டில் மோதியவரும் பொலிசுக்குப் போவதில்லை. அவர்களுக்கு முறைப்பாடு செய்ய எதிராளி இல்லை. காப்புறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர் பொலிசைத் தவிர்க்கிறார். தான் சொல்லும் வாக்குமூலம் தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டுக் கையொப்பம் கேட்கப்படும் என்று அஞ்சுபவரும் தவிர்க்கிறார். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் வீதி மரணங்களை இல்லாதொழிக்கும் கொள்கையை ஏற்றபின், அந்நகரப் பொதுச் சுகாதாரத் திணைக்களம் பொலிஸ் பதிவுகளையும் வைத்தியசாலைப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தது. பொலிஸ் அறிக்கையில் இடம்பெறாத பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் அப்போதுதான் கணக்கில் வந்தார்கள். 2017இல் வெளியான அந்நகர வரைபடத்தின்படி வீதிகளில் 13 சதவீதத்தில் மட்டும் கடுமையான காயங்களிலும் மரணங்களிலும் 75 சதவீதம் நேர்ந்திருந்தன. நம்முடைய மாவட்டம் வேறு, அந்த நகரம் வேறு. ஆனாலும் காயங்கள் எங்கும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை, சில இடங்களில் குவிகின்றன என்ற உண்மை இங்கும் பொருந்தும்.

ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே உள்ள பதிவோடு நான்கு கேள்விகளை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கே விழுந்தீர்கள்? எதில் அல்லது எப்படிப் போய்க்கொண்டிருந்தீர்கள்? எது மோதியது? எத்தனை மணிக்கு? ஐந்தாவது கேள்வி ஒன்றைச் சேர்க்க யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள், ஏனெனில் இரவு நேரக் கடமையில் இருக்கும் தாதியருக்கு நான்கே அதிகம். பத்துக் கேள்வி கொண்ட அழகான படிவங்கள் முதல் வாரத்தோடு நின்றுபோவதையே நான் கண்டிருக்கிறேன்.

முதற் கேள்வியின் பதிலை மட்டும், காயப்பட்டவரோ அவரைக் கொண்டுவந்தவரோ சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். நம் ஊரில் மக்கள் வீதி இலக்கத்தால் இடத்தைச் சொல்வதில்லை; மைல் கட்டையாலும் சந்தியாலும் கடையாலும் சொல்கிறார்கள். “ஏ6 வீதி” என்று எழுதினால் அது எங்கும் இருக்கலாம். “நாலாம் கட்டை தாண்டி, கோயில் வளைவிலே, மழைத்தண்ணி நிக்கிற இடம்” என்று எழுதினால் மறுநாள் காலையில் அந்த இடத்திலேயே போய் நிற்கலாம். அந்த ஊர்ப் பெயர்களை வரைபடத்தின் புள்ளிகளாக மாற்றும் வேலையை அப்பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விட்டுவிடலாம்; இருவரும் ஒரு மணித்தியாலத்தில் ஒரு மாதத்துப் பதிவை முடித்துவிடுவார்கள்.

விடுதியில் அனுமதிக்கப்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சீ.டி. 10 நோய் வகைப்பாட்டின் குறியீடுகள் உள்ளன. அவற்றில் வி01 முதல் வி09 வரை பாதசாரிகளுக்கும், வி10 முதல் வி19 வரை சைக்கிளோட்டிகளுக்கும், வி20 முதல் வி29 வரை மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கும், வி30 முதல் வி39 வரை முச்சக்கரவண்டியில் போனவர்களுக்கும் உரியவை. எலும்பு முறிவு என்ற காயக் குறியீடு மட்டும் இடப்பட்டு, இந்த வெளிக்காரணக் குறியீடு விடுபட்டிருந்தால், மாமரத்தால் விழுந்தவரும் லொறி மோதியவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுவர். மருத்துவப் பதிவு உத்தியோகத்தரோடு ஒரு தடவை அமர்ந்து இதைப் பேசுவது ஒரு செயலமர்வை விடப் பயனுடையது.

அனுமதி பெறுவதை இலகுவாக எண்ணிவிடக் கூடாது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் வைத்தியசாலையின் பொறுப்பதிகாரிக்கும் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எதுவும் வைத்தியசாலையை விட்டு வெளியே வராது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் சுகாதாரத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட நெருக்கமானது: வைத்தியசாலையில் சொல்வது பொலிசுக்குப் போகும் என்று ஒரு தடவை கதை பரவினால், அதன்பின் எல்லோரும் “வீட்டில் வழுக்கி விழுந்தேன்” என்றுதான் சொல்வார்கள்.

எண்ணிக்கை சொல்லாத கதை

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. மொத்த எண்ணிக்கையை மட்டும் வரிசைப்படுத்தினால் சனமும் வாகனமும் நிறைந்த திருகோணமலை நகரை உள்ளடக்கிய “பட்டினமும் சூழலும்” என்ற பிரிவே எப்போதும் முதலிடத்தில் நிற்கும். பணமும் அங்கேயே போகும். ஆகவே மூன்று விதமாக எண்ணுங்கள்: மொத்த எண்ணிக்கை, சனத்தொகைக்கு ஏற்ற விகிதம், காயத்தின் கடுமை. மூன்றிலும் வேறு வேறு இடங்கள் மேலே வந்தால் குழப்பமடைய வேண்டாம். எந்த இடத்துக்கு எந்தக் காரணத்தால் முன்னுரிமை கொடுத்தோம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தால் போதும்.

மாவட்ட எல்லையில் உள்ள ஊர்கள் இந்தக் கணக்கில் எளிதில் விடுபடும். வெருகலில் காயப்பட்டவர் மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலைக்குப் போகலாம். பதவி சிறிபுரத்திலோ கோமரங்கடவலவிலோ காயப்பட்டவர் அநுராதபுரம் பக்கம் போகலாம். திருகோணமலை வைத்தியசாலைகளின் பதிவை மட்டும் பார்த்தால் அவ்வூர்களில் விபத்தே இல்லை என்று தோன்றும். அயல் மாவட்ட வைத்தியசாலைகளிடமும் அதே நான்கு விபரங்களைக் கேட்க வேண்டும். அது கிடைக்கும் வரை அவ்வூர்களின் கட்டத்தில் பூச்சியம் போடாமல் வெற்றாக விடுங்கள். பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு.

வைத்தியசாலைக்கே போகாதவர்களைக் கண்டறிய வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தரை விடச் சிறந்தவர் இல்லை. ஒட்டுவைத்தியரிடம் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருப்பவரை அவருக்குத் தெரியும். கருவுற்ற பெண் சிகிச்சை நிலையத்துக்கு எவ்வழியாக நடக்கிறாள், எந்த இடத்தில் வீதியைக் கடக்கப் பயப்படுகிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். பயத்தால் ஒரு வீதியை முழுதாகவே தவிர்ப்பவரின் பெயர் எந்த விபத்துப் பதிவிலும் வராது. கைத்தடியோடு நடப்பவர், போரில் காலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோரை இந்தக் கேள்விக்காகவே தேடிப் போக வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்கு வீதியில் நில்லுங்கள்

வரைபடத்தில் புள்ளிகள் குவிந்த இடங்களில் மூன்றைத் தெரிந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீதிக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர், போக்குவரத்துப் பொலிஸ் ஒருவர், அவ்விடத்தில் தினமும் நடப்பவர் இருவர் ஆகியோர் ஒன்றாகப் போக வேண்டும். போகும் நேரம் முக்கியம். பாடசாலை தொடங்கும் முன் ஒரு தடவையும், மாலை இருட்டியபின் ஒரு தடவையும் போகாமல் அறிக்கை எழுத வேண்டாம். பதினொரு மணிக்கு வாகனத்தில் வந்திறங்கிப் படமெடுத்துக்கொண்டு போகும் கள ஆய்வில், வீதியோரம் உலரப்போட்ட நெல்லாவது தெரியும். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியும், இரவில் தார்ச்சூட்டுக்கு வந்து படுக்கும் மாடுகளும், பட்டினத்துக்குள் உலாவும் புள்ளிமான்களும், விடியுமுன் ரெஜிபோம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் பறக்கும் மீன் வியாபாரியும் தெரியமாட்டார்கள்.

வாகன வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. வீதியோரத்தில் அளவு நாடாவால் 50 மீற்றர் அளந்து இரு முனைகளிலும் சுண்ணாம்பால் கோடிடுங்கள். ஒரு முனையில் வாகனம் கோட்டைக் கடக்கும் கணத்தில் ஒருவர் கையை இறக்க, மறுமுனையில் நிற்பவர் கைத்தொலைபேசியின் நேரமானியை ஓடவிட்டு வாகனம் தன்னைக் கடக்கும்போது நிறுத்த வேண்டும். 6 செக்கன் என்றால் மணிக்கு 30 கிலோமீற்றர், 4.5 செக்கன் என்றால் 40, 3.6 செக்கன் என்றால் 50, 2.6 செக்கனுக்குள் கடந்தால் ஏறத்தாழ 70. நூறு வாகனங்களை அளந்தால் ஒரு காலைப்பொழுது போகும், ஆனால் அந்த ஒரு பக்கத் தாளுக்கு முன்னால் “இங்கே வேகமாகப் போகிறார்கள்” என்ற முறைப்பாடு ஒன்றுமே இல்லை.

அடுத்து கடக்கும் நேரம். ஏழு மீற்றர் அகல வீதியைச் சாதாரணமாக நடப்பவர் ஏறத்தாழ 6 செக்கனில் கடக்கிறார். முதியவருக்கு 9 செக்கன் வரை ஆகலாம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் 6 செக்கனில் 83 மீற்றரும், 9 செக்கனில் 125 மீற்றரும் ஓடிவிடும். கடவையில் நின்று பார்த்தால் 125 மீற்றருக்குள் ஒரு வளைவோ மதிலோ தரித்து நிற்கும் பஸ்ஸோ கண்ணை மறைக்கிறதென்றால், அந்தக் கடவை இளைஞருக்கு மட்டுமே கடவை. நீதி என்ற சொல்லைப் பொறியியலாளரோடு பேசுவதற்கு இந்தக் கணக்கை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இடத்தைப் பிழையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அனுபவம். ஒரு பாடசாலைக்கு மஞ்சள் கடவை கேட்டு நாங்கள் கொடுத்த கடிதத்தில் “பாடசாலைக்கு அருகில்” என்று மட்டும் எழுதியிருந்தோம். கடவை பிரதான வாயிலுக்கு முன்னால் அழகாகப் போடப்பட்டது. பிள்ளைகளோ பின்பக்க ஒழுங்கையால் வந்து, கடவைக்கு வெகுதூரம் தள்ளி, பஸ் நிறுத்தத்தின் பின்னாலிருந்து வீதிக்கு ஓடினார்கள். இன்றும் அப்படித்தான் ஓடுகிறார்கள். கேட்ட அலுவலகம் கேட்டதைக் கொடுத்தது, குற்றம் கடிதத்தினுடையது.

கூட்டம், கடிதம், காசு

புதிய குழு அமைக்காதீர்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழு ஏற்கெனவே கூடுகிறது. அதில் இருபது நிமிட நிகழ்ச்சி நிரல் ஒன்றைக் கேட்டுப் பெறுவதே நல்லது. சுகாதார வைத்திய அதிகாரி ஒரு பக்கத் தாளை வாசிக்கட்டும்: மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் காயப்பட்டவர் தொகை, அளந்த வேகம், கேட்கும் திருத்தம், அந்த வீதியின் உரிமையாளர், பதில் தரவேண்டிய திகதி. குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். இது மரியாதைக்காக மட்டுமன்று. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாசிக்க முடியாத தமிழ்க் குறிப்பும், சங்கத் தலைவர் வாசிக்க முடியாத சிங்களக் குறிப்பும் மேசையிலேயே கிடந்துவிடும். போக்குவரத்துச் சபையின் பஸ் சாலை (டிப்போ) முகாமையாளரையும், தனியார் பஸ், முச்சக்கரவண்டிச் சங்கத்தினரையும், வலயக் கல்வி அலுவலகத்தையும் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் அழையுங்கள்.

விபத்துக்குக் காரணம் “சாரதியின் கவனயீனம்” என்று யாராவது சொல்லத் தொடங்கினால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். மனிதர் தவறத்தான் செய்வர், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காதபடி வீதியும் வேகமும் அமைய வேண்டும் என்பது சுவீடன் பாராளுமன்றம் 1997இல் ஏற்ற கொள்கை; ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரை அறிவித்துள்ள பத்தாண்டுத் திட்டமும் அதே வழியில் நின்று மரணங்களையும் காயங்களையும் பாதியாகக் குறைக்கக் கேட்கிறது. கவனயீனம் என்ற சொல்லைப் பொறியியலாளரால் கட்டித் தர முடியாது; ஒரு நடைபாதையை, ஒரு மேடைக் கடவையை, ஒரு தெருவிளக்கைக் கட்டித் தர முடியும்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிக்குக் காசு கேட்பதைக் கடைசிக்கு விடுங்கள். காசு குறைந்த திருத்தங்கள் பல உள்ளன: பஸ் நிறுத்தத்தைக் கடவைக்கு அப்பால் நகர்த்துதல், கண்ணை மறைக்கும் பற்றையை வெட்டுதல், உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் மாடுகளின் கழுத்துக்கும் ஒளிதெறிக்கும் பட்டி, பாடசாலை முன்றலில் 30 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்ற வேகத்தடை. தலைக்கவசத்தைப் பற்றிப் பேசும்போது, தரமான கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்ற ஆய்வு முடிவைச் சொல்லலாம். ஆனால் பின்னால் இருக்கும் பிள்ளைக்குச் சின்ன அளவுக் கவசம் கடையில் கிடைக்கிறதா, கூலி வேலை செய்யும் தகப்பனால் அதை வாங்க முடியுமா என்று பார்த்தபின் தண்டப்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒரு நாள் கூலியை இழக்கும் தண்டமும் ஒரு தேநீர்ச் செலவாகப் போகும் தண்டமும் ஒன்றல்ல.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம் என்பதையும், அழைப்பவர் இடத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களில் கற்றுக்கொடுங்கள். பல விபத்துகளில் முதலில் போய்ச் சேர்பவர்கள் அவர்களே. கழுத்தை அசைக்காமல் தூக்கவும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தவும் அரை நாளில் பழக்கிவிடலாம்.

வீதி வேலை நடக்கும் காலத்தையும் மறந்துவிட வேண்டாம். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது மாற்றாக ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். ஆகவே புதிய பாலம், அகலப்படுத்தல், வடிகால் என எந்தத் திட்டம் கூட்டத்துக்கு வந்தாலும், “வேலை முடியும் வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள்?” என்ற கேள்வியைச் சுகாதாரத் துறை கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். அதை முதல் மாதத்திலேயே எடுத்து நீட்டாதீர்கள். கூட்டாளியாக வரவேண்டியவரை எதிராளியாக்கிவிட்டு அதன்பின் கூட்டு வேலை நடக்காது.

திருத்தத்துக்குப் பின்

திருத்தம் நடந்து ஒரு மாதம் கழித்து, அதே இடத்தில், அதே கிழமை நாளில், அதே நேரத்தில், அதே 50 மீற்றருக்கு மீண்டும் நூறு வாகனங்களை அளந்து பாருங்கள். வேகம் குறைந்ததா என்பதை இது உடனே சொல்லும். காயங்கள் குறைந்தனவா என்பதை அறிய ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். ஒரே சந்தியில் ஆறு மாதத்தில் மூன்று விபத்து இரண்டானதை வெற்றி என்று பத்திரிகைக்குக் கொடுத்தால், அடுத்த வாரம் நடக்கும் ஒரு விபத்து எல்லா நம்பிக்கையையும் கொண்டுபோய்விடும்.

அரச உத்தியோகத்தர்கள் இடமாற்றம் பெறுவார்கள். வைத்திய அதிகாரியும் பொறியியலாளரும் ஒரே ஆண்டில் போய்விடவும் கூடும். ஆகவே கோப்பை இரண்டு பிரதிகளாக வைத்திருங்கள்: ஒன்று பிரதேச செயலகத்தில், மற்றது கிராம அபிவிருத்திச் சங்கத்தில். அதன் முதற் பக்கத்தில் நோக்கங்களை எழுத வேண்டாம். நான்கு நிற வரைபடத்தை ஒட்டி, மூன்று இடங்களையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் அருகில் கடைசியாக வேகம் அளந்த திகதியையும், சுண்ணாம்புக் கோடு எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை போடப்பட்டது என்பதையும் எழுதுங்கள். புதிதாக வருபவர் அடுத்த நாட் காலையிலேயே அளவு நாடாவோடு அங்கே போய் நிற்கக்கூடியதாக இருக்கட்டும்.